கரப்பான் யார் வழியில் வந்தது? அடுத்த குழந்தைக்கும் வருமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு வயது. ஐந்தாவது மாதத்தில் கன்னத்தில் சிவந்து நீர் கசியத் தொடங்கிய எக்சிமா என்னும் கரப்பான், இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்பக்கமும் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் ராத்திரி முழுக்கச் சொறிகிறான். கால் தோல் மீன் செதில் மாதிரி உரிகிறது. எனக்கும் சின்ன வயதில் இப்படி இருந்ததாக அம்மா சொல்கிறார். கணவருக்குத் தூசி பட்டால் அடுக்குத் தும்மல். அவர் என் சொந்த அத்தை மகன். "இது உன் அம்மா வீட்டு வழியில் வந்த கரப்பான்" என்கிறார் மாமியார். நான் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. இந்தக் குழந்தைக்கும் வருமா? சொந்தத்தில் கட்டியதால் வந்ததா? ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்று ஓர் ஆய்வகத்தில் சொல்கிறார்கள், எடுக்கலாமா? கத்திரிக்காய், முட்டை, கருவாடு, வேர்க்கடலை எல்லாவற்றையும் மகனுக்கு நிறுத்திவிட்டோம். அப்படியும் குறையவில்லை.
வாசகி, நாமக்கல்

பதில்: அடுத்த குழந்தைக்கும் வருமா என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றக் குழந்தைகளைவிட வாய்ப்பு அதிகம். ஆனால் வந்தே தீரும் என்று இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு எக்சிமா இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு, மூன்று மடங்கு கூடுகிறது. இருவருக்கும் இருந்தால் மூன்று முதல் ஐந்து மடங்கு. உங்கள் வீட்டில் மூத்த பிள்ளைக்கே இருப்பதால் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. பயப்பட வேண்டியதில்லை.

இது பரம்பரையில் வருவதுதான், அதில் சந்தேகமில்லை. டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு எக்சிமா இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 72 சதவீதம். தனித்தனிக் கருவில் உருவான இரட்டையரிடம் அது 23 சதவீதம்தான். இந்த இடைவெளி மரபணுவின் பலத்தைக் காட்டுகிறது. அதே கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது: மரபணு அச்சாக ஒன்றாக இருந்தும், நான்கில் ஒருவருக்கு மேல் எக்சிமா இல்லாமலே இருந்திருக்கிறார்கள். நாம் செய்யக்கூடிய வேலை எல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிள்ளைக்கு நாம் கொடுப்பது நோயை அல்ல, ஈரத்தைப் பிடித்து வைக்கத் தெரியாத ஒரு தோலைத்தான். இதில் முதலில் நிற்பது ஃபிலாக்ரின் என்ற புரதம். அதற்கான மரபணு ஒன்றாம் குரோமோசோமில் உள்ளது. தோல் செல்கள் அடியிலிருந்து மேலே ஏறி வரும்போது, பத்துப் பன்னிரண்டு ஃபிலாக்ரின் துண்டுகள் கோத்த நீளமான ஒரு புரதத்தை உண்டாக்கி வைத்துக்கொள்கின்றன. மேல் அடுக்குக்கு வந்ததும் அது துண்டு துண்டாகப் பிரிகிறது. அந்தத் துண்டுகள் முதலில் செல்லுக்குள் இருக்கும் கெரட்டின் இழைகளைச் சேர்த்துக் கட்டி, செல்லைத் தட்டையாக்குகின்றன. பிறகு தாங்களே இன்னும் சிதைந்து அமினோ அமிலங்களாகின்றன. தோலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பதும், தோலின் மேற்பரப்பை லேசான அமிலத் தன்மையில் வைத்திருப்பதும் இவைதான்.

ஃபிலாக்ரின் குறைந்தால் என்ன ஆகிறது? தண்ணீர் ஆவியாகிறது, தோல் வறண்டு நுண்ணிய வெடிப்பு விடுகிறது. அமிலத் தன்மை குறைவதால் செல்களை ஒட்டி வைத்திருக்கும் புரதங்களை அரிக்கும் நொதிகள் வேகம் பிடிக்கின்றன. சீழ்க்கட்டி உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கும் இது வசதியாகிவிடுகிறது. தூசிப் பூச்சி, சோப்பு, உணவுத் துணுக்கு எல்லாம் வெடிப்பு வழியே உள்ளே போய் நோய் எதிர்ப்புச் செல்களைச் சீண்டுகின்றன. அரிப்பு, சொறிதல், இன்னும் வெடிப்பு என்று அது சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த மரபணுவுக்கும் எக்சிமாவுக்கும் உள்ள தொடர்பை 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ, அயர்லாந்தின் டப்ளின் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு மரபணுவும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக நமக்கு வருகிறது. ஐரோப்பியர்களில் பத்தில் ஒருவரிடம் இந்த மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருக்கிறது. அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுக்க எக்சிமா வருவதே இல்லை. எக்சிமா உள்ள குழந்தைகள் பலரிடம் ஃபிலாக்ரின் மரபணு பழுதே இல்லாமல் இருப்பதும் உண்டு.

மகனிடம் இந்தக் குறை இருக்கிறதா என்று ஓரளவு வீட்டிலேயே பார்க்கலாம். காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு சாதாரணமாக வழவழப்பாக இருக்கும். ஃபிலாக்ரின் குறைந்தவர்களுக்கு அங்கே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஆழமாக ஓடும். நான்கு வயதுக் கை கிழவர் கை போலத் தோன்றும். அடுத்து முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள். சின்னச் சின்னச் செதில்கள் ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டிருக்கும், முழங்கால் மடிப்பில் மட்டும் செதில் இருக்காது. மேல்கையின் வெளிப்பக்கம் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். நீங்கள் சொன்ன 'மீன் செதில்' இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதையே உங்கள் கையிலும் கணவர் கையிலும் இரண்டு பக்கப் பாட்டி, தாத்தா கையிலும் பாருங்கள். தினமும் பாத்திரம் தேய்ப்பவர்கள், வயல் வேலை செய்பவர்கள் கை எப்படியும் வரிவரியாக இருக்கும் என்பதால் அவர்களிடம் கால் தோலை நம்புங்கள்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். எக்சிமா வர இரண்டு பழுதான பிரதிகள் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒன்று இருந்தாலே வாய்ப்பு கூடும். அப்படி ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது போய்ச் சேர பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதற்கு உறவுத் திருமணம் தேவையில்லை. உறவில் கட்டும்போது கூடுவது, அதே பழுது இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்புதான். அத்தை மகன், மாமன் மகள் உறவில் ஒருவருக்கு ஒரு மரபணு மாற்றம் இருந்தால், பொதுத் தாத்தா, பாட்டி வழியாக அதே மாற்றம் மற்றவருக்கும் இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. இருவருக்கும் இருந்துவிட்டால், ஒரு குழந்தைக்கு இரண்டு பழுதான பிரதியும் சேர நான்கில் ஒன்று. அப்படிச் சேர்ந்த குழந்தைக்குச் செதில் தோல் நன்றாகத் தெரியும், எக்சிமாவும் கடுமையாக வரலாம்.

மாமியார் சொல்வதைப் பற்றி: அவர் உங்கள் அப்பாவின் உடன்பிறந்தவர். உங்கள் அப்பா வழியும் அவர் வழியும் ஒன்றுதான். உங்கள் கணவரின் அடுக்குத் தும்மலும், ஆஸ்துமாவும், எக்சிமாவும் ஒரே ஒவ்வாமைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே மகனுக்கு இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் வந்திருக்கிறது என்பதுதான் மருத்துவம் சொல்லக்கூடியது. யாரும் தெரிந்து கொடுப்பதில்லை. இந்தப் பழியைச் சுமந்துகொண்டு ராத்திரி தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை நினைத்தால் மனது வலிக்கிறது. இந்தப் பத்தியை மட்டுமாவது மாமியாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஃபிலாக்ரின் ஒன்றே எல்லாம் அல்ல. 2015-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு எக்சிமாவோடு தொடர்புடைய 31 மரபணு இடங்களைப் பட்டியலிட்டது. பிறகு அந்த எண்ணிக்கை இன்னும் கூடியிருக்கிறது. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. அவற்றில் முக்கியமானவை ஐந்தாம் குரோமோசோமில் உள்ள இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 மரபணுக்கள். ஒவ்வாமை அழற்சியைத் தூண்டச் செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்களை உண்டாக்குபவை இவை. இன்டர்லூகின்-13 அதிகமானால், நல்ல ஃபிலாக்ரின் மரபணு உள்ள தோல்கூட ஃபிலாக்ரினைக் குறைவாகத்தான் உண்டாக்குகிறது. அதனால் அழற்சியை அடக்கினாலே தோலின் காப்பு ஓரளவு தானாக மீள்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் தடுக்கும் டுபிலுமாப் ஊசி 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இந்த அடிப்படையில்தான். கடுமையான எக்சிமாவுக்கு அது நல்ல மருந்து. உங்கள் மகன் நிலைமைக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

இனி ஜீன் டெஸ்ட். இப்போது எடுக்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. பழுது இருக்கிறது என்று வந்தாலும் எக்சிமா வரும் என்று சொல்ல முடியாது. இல்லை என்று வந்தாலும் வராது என்று சொல்ல முடியாது. எப்படி வந்தாலும் சிகிச்சை ஒன்றுதான். அதோடு ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் இரண்டு மாற்றங்களைத் தேடும் பரிசோதனை மற்ற இனத்தாருக்குப் பொருந்தாது. ஜப்பானியர்களிடமும் சீனர்களிடமும் வேறு மாற்றங்களே கிடைத்தன. மரபணுவை முழுக்கப் படிக்கலாம் என்றால், ஒரே மாதிரியான துண்டுகள் பத்துப் பன்னிரண்டு தடவை திரும்பத் திரும்ப வருவதால் சாதாரண முறையில் படிக்கும்போது தவறு நேர்கிறது. வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எக்சிமாவுக்காக மட்டும் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். அந்தப் பணத்தில் மகனுக்கு மாதக்கணக்கில் நல்ல மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

மரபணுப் பரிசோதனை அவசியமாகும் குழந்தைகளும் உண்டு. பிறந்த சில நாட்களிலேயே உடம்பு முழுக்கச் சிவந்து உரிவது, முடி மூங்கில் கணு போல முடிச்சு விட்டு ஒடிவது. ஆண் குழந்தைக்கு எக்சிமாவோடு தோலில் சிவப்புப் புள்ளிகள், அடிக்கடிக் காது சீழ், ரத்தக் கசிவு. திரும்பத் திரும்ப நிமோனியா, பெரிய கட்டிகள். ஓயாத வயிற்றுப்போக்கோடு எடை ஏறாமை. இவற்றில் எது இருந்தாலும் அது வெறும் கரப்பான் அல்ல, அரிய பரம்பரை நோயாக இருக்கலாம். இவற்றில் சில, உறவில் கட்டியவர்களின் பிள்ளைகளிடம் கூடுதலாக வருபவை. உங்கள் கடிதத்தில் இதில் எதுவும் இல்லை. இருந்தாலும் மகனுக்கு இதுவரை ஒரு சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனை எடுத்ததில்லை என்றால், பிளேட்லெட் எண்ணிக்கையோடு ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் ராத்திரியில் அரித்தால், விரல் இடுக்கில் கொப்புளம் இருந்தால் அது சிரங்கு. மரபணுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வைத்தியமும் வேறு.

மகனுக்குக் குறையாததற்குக் காரணம் பெரும்பாலும் அளவில்தான் இருக்கும். நான்கு வயதுக் குழந்தைக்கு உடம்பு முழுக்கப் பூச மாய்ஸ்சரைசர் வாரத்துக்கு 150 முதல் 250 கிராம் வேண்டும். 50 கிராம் ட்யூபை ஒரு மாதம் வைத்திருந்தால் பூசாததற்குச் சமம். விலை உயர்ந்தது வேண்டும் என்றில்லை, வாசனை சேர்க்காததாக இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியே போதும். சித்திரை வெயிலில் அது வியர்வையை அடைத்து வேர்க்குருவைக் கிளப்பும் என்பதால் க்ரீமுக்கு மாறுங்கள். குளியல் ஐந்து முதல் பத்து நிமிடம், வெதுவெதுப்பான தண்ணீரில். சோப்புக்குப் பதில் சோப்பு கலக்காத க்ளென்சர், அதுவும் அழுக்குப் படும் இடத்தில் மட்டும். துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் பூசுங்கள். போர் தண்ணீரின் கடினத்தன்மை தோலைக் கெடுப்பது உண்மை, அதிலும் ஃபிலாக்ரின் குறைந்த தோலை. ஆனால் வந்துவிட்ட எக்சிமா, வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்ததால் குறையவில்லை என்று 2011-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அதில் பணம் போட வேண்டாம்.

சிவந்து தடித்த இடத்துக்கு மாய்ஸ்சரைசர் மட்டும் போதாது, ஸ்டீராய்டு க்ரீம் வேண்டும். பயந்து பொட்டு வைப்பது போலத் தொட்டு வைப்பதால்தான் மாதக்கணக்கில் இழுக்கிறது. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை பரப்புக்குப் போதும். மகனின் இரண்டு முழங்கை மடிப்பு, இரண்டு முழங்கால் மடிப்பு நான்குக்கும் சேர்த்து ஏறத்தாழ ஒரு விரல்நுனி அளவு. மருத்துவர் எழுதித் தந்த மிதமான க்ரீமை நாளுக்கு ஒருமுறை, சிவப்பு மட்டுமல்ல, தடிப்பும் போய்த் தோல் மழமழப்பாகும் வரை போடுங்கள். பிறகு சட்டென்று நிறுத்தாமல், வழக்கமாக வரும் அதே இடங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் என்று சில மாதம் தொடர மருத்துவரிடம் கேளுங்கள். முகத்துக்கும் கண் இமைக்கும் அதே க்ரீமைப் போடக் கூடாது. அங்கே வீரியம் குறைந்த ஸ்டீராய்டான ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் அல்லது ஸ்டீராய்டு அல்லாத 0.03 சதவீத டாக்ரோலிமஸ்.

மருந்துக்கடையில் சொல்லி வாங்கும், வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த க்ரீம் வேண்டவே வேண்டாம். இரண்டு நாளில் மாயம் செய்யும், இரண்டு மாதத்தில் தோலை மெலியவைத்து வரிவரியாக விட்டுவிடும். எக்சிமாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்வதும் அப்படித்தான், மருந்து இறங்கியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

உணவு விஷயத்தில் நீங்கள் செய்திருப்பது எனக்குக் கவலை தருகிறது. 'கரப்பான் பண்டம்' என்று கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்துவதால் பெரிய நஷ்டம் இல்லை, லாபமும் இல்லை. முட்டையையும் வேர்க்கடலையையும் நிறுத்துவது வேறு விஷயம். உடைந்த தோல் வழியாக உடலுக்குள் போகும் உணவுப் புரதம் ஒவ்வாமையைக் கற்றுக்கொடுக்கிறது, வாய் வழியாகப் போவது சகிப்பைக் கற்றுக்கொடுக்கிறது. லண்டனில் கடுமையான எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள 640 குழந்தைகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கிய குழந்தைகளுக்கு ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை பெருமளவு குறைந்திருந்தது. மகன் முன்பு முட்டையோ கடலையோ சாப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் எதுவும் வந்ததில்லை என்றால் நிறுத்தியிருக்கவே வேண்டாம். பல மாதம் நிறுத்திவிட்ட பிறகு, முதல் முறை மறுபடி கொடுப்பதை மட்டும் மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். இடைவெளியில் ஒவ்வாமை உருவாகியிருக்க வாய்ப்புண்டு.

இனி வரப்போகும் குழந்தை. கர்ப்பத்திலோ பால் கொடுக்கும்போதோ நீங்கள் பத்தியம் இருப்பதால் குழந்தைக்கு எக்சிமா தடைபடும் என்பதற்கு ஆதாரம் இல்லை, நன்றாகச் சாப்பிடுங்கள். பிறந்ததிலிருந்தே தினமும் மாய்ஸ்சரைசர் பூசினால் தடுக்கலாம் என்று நம்பி, 2020-இல் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. இரண்டிலும் தடுக்க முடியவில்லை. ஆகவே தோல் நன்றாக இருக்கும் குழந்தைக்கு அப்பிப் பூச வேண்டிய அவசியம் இல்லை. வறட்சி தெரிந்த அன்றே தொடங்கினால் போதும்.

எண்ணெய் தேய்க்கும் வழக்கத்தை விட வேண்டாம், எண்ணெயை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கடலை எண்ணெய் வேண்டாம், தோல் வழியாகக் கடலை ஒவ்வாமை வரக்கூடும். கடுகு எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் காப்பைக் கெடுப்பவை. கற்பூரமோ மூலிகையோ போட்டுக் காய்ச்சாத சுத்தமான தேங்காய் எண்ணெய் நல்லது. பயத்தம் மாவு, கடலை மாவு தேய்த்துக் குளிப்பாட்டுவதை இந்தக் குழந்தைக்குத் தவிர்த்துவிடுங்கள். மாவு உரசி வறட்டும், அதில் இருப்பதும் உணவுப் புரதம்தான். சாம்பிராணிப் புகையும் வாசனைப் பவுடரும் வேண்டாம். டென்மார்க், பிரிட்டன் ஆய்வுகளில், ஃபிலாக்ரின் பழுதுள்ள குழந்தை பிறந்த வீட்டில் பூனை இருந்தால் எக்சிமா அதிகம் வந்தது, நாயால் அப்படி வரவில்லை. புதிதாகப் பூனை வளர்க்கும் எண்ணம் இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

ஆறு மாதத்தில் திட உணவு தொடங்கும்போது நன்றாக வெந்த முட்டையையும், வறுத்து நைசாக அரைத்த வேர்க்கடலை விழுதையும் தள்ளிப்போடாதீர்கள். கஞ்சியில் கால் ஸ்பூன் கலந்து தொடங்கி, ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு மூன்று நாள் கொடுங்கள். முழுக்கடலை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். அதற்குள் குழந்தைக்குக் கடுமையான எக்சிமா வந்துவிட்டால், முதல் வாய் கடலையை மருத்துவர் முன்னிலையில் கொடுப்பது நல்லது.

இரண்டு குழந்தைகளுக்கும் பொருந்தும் ஓர் அவசரம்: எக்சிமா உள்ள இடத்தில் ஒரே அளவான சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து, குத்தி எடுத்தது போலக் குழிப்புண்ணாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது ஹெர்ப்பிஸ் வைரஸ். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டீராய்டு க்ரீம் போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. வீட்டில் யாருக்காவது உதட்டில் அக்கி மாதிரிக் கொப்புளம் இருந்தால், அது ஆறும் வரை பிள்ளைகளை முத்தமிட வேண்டாம்.

பிரசவ மருத்துவமனையில் குழந்தையைப் பார்க்க வரும் மருத்துவரிடம், மூத்தவனுக்கு எக்சிமா, அப்பாவுக்கு ஒவ்வாமைத் தும்மல், உறவுத் திருமணம் என்ற மூன்றையும் சொல்லிப் பதியவையுங்கள். தலையில் மட்டும் மஞ்சளாக எண்ணெய்ப்பசையோடு செதில் வந்தால் அது வேறு, பெரும்பாலும் தானாகப் போய்விடும். கன்னம் சிவந்து சொரசொரத்து, குழந்தை தலையணையில் முகத்தைத் தேய்க்கத் தொடங்கினால் அந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மகனுக்கு இதுவரை போட்ட எல்லா ட்யூப்களையும், காலியானவை உட்பட, பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.